என் கை நடுங்கிய மழைக்காலம்

முதலில் துடித்தது இடது கெண்டைக்கால். மகள் பிறந்த ஒன்பதாம் நாள், கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோலுக்கடியில் சின்ன மீன் ஒன்று வாலை அசைத்தது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். சதை தானாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காலை மடக்கினேன், நின்றது. நீட்டினேன், மறுபடி ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் ஆயிரம் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாங்கோனில், ஆற்றை ஒட்டிய க்யிம்யிண்டைங்கில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துப் பேரான கெமண்டைன்தான் வாயில் வரும். மாமனார் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர், நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் சந்தையில் வடைச் சட்டி போட்டிருந்தார். என் பிரசவத்துக்காக நாற்பது நாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். என் கணவருக்கு நகரத்து நடுவிலிருந்த கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் எழுத்து வேலை. நான் வீட்டிலேயே தையல். எஞ்சி என்று பர்மியப் பெண்கள் சொல்லும் உடம்போடு ஒட்டிய ரவிக்கையை எங்கள் தெருவில் என்னைப் போலத் தைப்பவர் இல்லை என்று பேர் வாங்கியிருந்தேன். கையை நம்பிப் பிழைத்தவள் நான்.

அந்தக் கைதான் அடுத்து ஆடியது. பதினைந்தாம் நாளோ என்னவோ, பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கும்போது வலது கட்டைவிரல் தனியாக வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு முன்கை. பிறகு கண்ணிமை. அதோடு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒன்றும் நடக்காமலே, யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல உடம்பு விறைத்துக்கொள்ளும். மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அதன் சத்தம் நின்றால் எனக்குப் பயம், பெய்தாலும் பயம்.

"வாயுதான்," என்றார் மாமியார். "பச்ச ஒடம்புல காத்து பூந்திருக்கு. பொடியக் குடி, எறங்கிரும்."

அந்தப் பொடி பக்கத்து வீட்டுப் பர்மியக்காரம்மா கொண்டுவந்து கொடுத்தது. பிள்ளை பெற்றவளின் ரத்தத்தைச் சுத்தப்படுத்த அவர்கள் வழக்கமாகக் குடிக்கும் மருந்து. மண் நிறம், கசப்பு, கற்பூரம் போல ஒரு வாசனை. காலையிலும் சாயங்காலமும் வெந்நீரில் கலக்கி மாமியாரே கையில் கொடுப்பார். நான் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை நகர மாட்டார்.

அப்படி நிற்பதுதான் முதலில் உறுத்தியது. ஏன் நிற்க வேண்டும்? கவனிக்க ஆரம்பித்தேன். குடித்த அரைமணி நேரத்தில் கை ஆட ஆரம்பிப்பது போலத் தெரிந்தது. மூன்று நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாளும் அப்படித்தான். குடிக்காத வேளையிலும் கை ஆடியது என்பதை அந்த மூன்று நாளும் நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

நான்காம் நாள் வாயில் ஊற்றி, முழுங்காமல் வைத்திருந்து, அவர் திரும்பியதும் ஜன்னல் வழியாகச் சாக்கடையில் துப்பினேன். பிறகு சாமர்த்தியம் கூடியது. பிள்ளையின் ஈரத் துணியை நீட்டி, "அத்தை, இத கொஞ்சம் அலசிருங்களேன்," என்பேன். அவர் அந்தப் பக்கம் போவார், டம்ளர் இந்தப் பக்கம் கவிழும்.

ஒரு வாரம் பொடி குடிக்கவில்லை. கை நின்றபாடில்லை. தோள்பட்டையிலும் துடிப்பு வந்து சேர்ந்தது. நியாயமாக யோசிப்பவள் பொடியில் ஒன்றும் இல்லை என்று விட்டிருப்பாள். எனக்கு வேறு விதமாகப் போயிற்று புத்தி. பொடியைக் குடிக்கவில்லை என்பது தெரிந்துபோய், சாப்பாட்டில் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பூண்டுக் குழம்பை முகர்ந்து பார்த்தேன். கருவாட்டுத் துண்டைப் பிட்டு உள்ளே பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் அலுவலகம் விடுமுறை என்று என் கணவர் வீட்டில் இருந்தார். பரிமாறி வைத்த தட்டுகளை, அவர் கை கழுவப் போன நேரத்தில் மாற்றி வைத்தேன். என் தட்டில் இருந்ததை அவர் முழுக்கச் சாப்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டுக்குச் சுருட்டைப் பற்றவைத்தார், செய்தித்தாள் படித்தார். விரல் ஒரு மயிரிழை ஆடவில்லை. அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, முன்கூட்டியே ஏதோ மாற்று சாப்பிட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அது கூட்டல் கணக்கு மாதிரி சரியாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் வீட்டில் பொருட்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் என் பெரிய கத்தரிக்கோல். தையல் மிஷினின் இழுப்பறையில் எப்போதும் இருப்பது. ஒரு பொத்தான் தைக்கலாம், கை கேட்கிறதா பார்க்கலாம் என்று இழுத்தேன். நூல்கண்டு இருந்தது, ஊசி டப்பா இல்லை, கத்தரிக்கோல் இல்லை.

"அத்தை, என் கத்திரிய பாத்தீங்களா?"

"சாணை புடிக்கக் குடுத்தேன்."

"நான் தைக்கிறதே இல்ல. இப்ப எதுக்கு சாணை?"

"தைக்கும்போது வேணும்ல," என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்து அரிவாள்மணை. காய் எல்லாம் நறுக்கியபடியே சந்தையிலிருந்து வர ஆரம்பித்தது. குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாள் ஒருநாள் கழன்று கிடந்தது. துருப்பிடித்துவிட்டது என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். ஆணிகளில் துரு இல்லை.

அதற்கு மேல் என் நாத்தனார். கணவருக்கு அக்கா. கியாக்டடாவில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். வாரம் ஒருமுறை வந்தாலே அதிகம். அவர் தினம் காலையில் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் தம்பி வீடு திரும்பும்வரை இருக்க ஆரம்பித்தார். பிள்ளையை மடியை விட்டு இறக்குவதில்லை. பால் குடிக்க மட்டும் என்னிடம் தருவார். அப்போதும் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள்.

"எனக்குத்தான் சாமி ஒரு பொண்ணக் குடுக்கல," என்று குழந்தையின் கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டே ஒருநாள் சொன்னார். சும்மா சொன்னதுதான். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பொடி, தாழ்ப்பாள், கத்தரிக்கோல், தினசரி வருகை எல்லாம் ஒரே நூலில் கோத்துக்கொண்டன. எனக்குப் பைத்தியம் என்று ஆக்கி, பிள்ளையை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

கணவர் என்னை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். தெருமுனைக் கிளினிக். வயதானவர். நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என் கணவரோடு கால்மணி நேரம் பேசினார். உடம்பு என்னுடையது, பேச்சு அவர்களுக்குள். வீட்டுக்கு வந்ததும் கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். உறை இல்லை, பேர் இல்லை.

"இது என்னங்க மாத்திரை?"

"சத்துக்கு."

"சத்து மாத்திரை இவ்வளவு பொடுசாவா இருக்கும்?"

"டாக்டர் குடுத்தத நான் என்ன கேள்வி கேக்க முடியும்? போட்டுக்க."

நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்தேன். பொடியில் பழகிய வித்தை.

இரண்டு நாள் கழித்து, பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படிச் சுவர் வழியாக நாத்தனாரின் குரல் கேட்டது. "புள்ளைய ஒரு மாசம் எங்க வீட்டுல வச்சிக்கிறேன். பவுடர் பால் குடுத்துக்கலாம். இவ தேறட்டும்." மாமியார் பதிலுக்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மறுத்துச் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலை கணவர் வேலைக்குப் போனார். மாமியார் மீன் வாங்கப் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போயிருந்தார். நாத்தனார் குளிக்கப் போனார். தாழ்ப்பாள் இல்லாத கதவைத் துணிப்பெட்டியால் முட்டுக்கொடுத்துவிட்டு அவர் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. நான் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டேன். குடையும், இரண்டு மாற்றுத் துணியும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

என் அக்கா கியாக்தானில் இருந்தாள். அங்கே ஆற்றின் நடுவே தீவில் இருக்கும் பகோடாவுக்குப் படகில் போகிறவர்கள், மீன்களுக்குப் போடுவதற்குப் பொரி வாங்குவார்கள். அக்காவும் அத்தானும் கரையில் அந்தப் பொரிக்கடையும் கூடவே ஒரு பலசரக்குக் கடையும் வைத்திருந்தார்கள். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். நகரத்து நடுவுக்கு வந்து, அங்கிருந்து கியாக்தான் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் கூட்டம். ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும்தான் கை முழுவீச்சில் ஆட ஆரம்பித்தது. தோளிலிருந்து விரல்வரை. நடந்து வந்தவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து. பிள்ளை அந்த ஆட்டத்திலேயே விழித்து அழுதாள். பக்கத்தில் ஒரு பர்மியப் பெண், நாற்பது வயதிருக்கும், மடியில் காலிக் கூடை. என் கையைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவளும் அவர்கள் அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று தோன்றியது. எந்த பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று எனக்கே கடைசி நிமிடம்வரை தெரியாது, இருந்தும் தோன்றியது.

பாலத்துக்கு முன்னால் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பிள்ளையோடு முன்னால் சாய்ந்தேன். எதிர் இருக்கையின் இரும்புக் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவே அந்தப் பெண்ணின் உள்ளங்கை வந்து நின்றது. கம்பியில் அவள் கை மோதிய சத்தம் கேட்டது.

"கொடு, ஞீமா," என்றாள். தங்கச்சி என்று அர்த்தம்.

கொடுத்தேன். வேறு வழி இருக்கவில்லை. பாலம் முழுக்கவும், அதற்கப்புறம் வயல் ஆரம்பித்த பிறகும், அவளுடைய இரண்டு கைகளையும் விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் எழுந்து ஓடுவாள் என்று காத்திருந்தேன். அவள் இறங்கவேண்டிய இடம் வந்ததும், பிள்ளையை என் மடியில் வைத்து, முடிச்சு தளர்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏன் ஆடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பொரிப் படியைக் கீழே வைத்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பொடி, குழம்பு, கத்தரிக்கோல், வெள்ளை மாத்திரை, நாத்தனார். முடித்ததும், "சரி. இங்க நீயே ஆக்கி நீயே சாப்பிடு. ஒருத்தரும் சட்டியத் தொட மாட்டோம்," என்றாள்.

அப்படியே செய்தேன். கடையிலிருந்து நானே அரிசி எடுத்தேன், நானே களைந்தேன், குடிக்கத் தண்ணீரையும் நானே காய்ச்சினேன். உப்பைக்கூடப் புதுப் பொட்டலம் பிரித்தேன். அரைத்தூக்கமாக ஒரு மணி நேரம் கிடந்தால் பெரிது, மற்றபடி விழித்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் கஞ்சிக் கரண்டியைப் பிடித்தேன். கரண்டி சட்டியின் விளிம்பில் மோதிக் கிலுகிலுவென்றது. இரண்டு கையாலும் பிடித்தேன். நிற்கவில்லை.

அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தரும் எதையும் கலக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கலந்தார்கள் என்றால் கலக்காத இடத்துக்கு ஓடலாம். இப்போது நான் எங்கே ஓடுவேன்? ஆடுவது என் சதை. இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்பட மிச்சம் இருந்தது, அது நான்.

அன்று பத்து மணி பஸ்ஸில் கணவரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நீ சொல்லி அனுப்பினியா?"

"ஆமா. வந்த அன்னிக்கே அத்தான அனுப்பி போன் போடச் சொன்னேன். அவங்க உடனே வரேன்னாங்க. நான்தான் ரெண்டு நாள் பொறுத்து வாங்கன்னேன்," என்றாள் அக்கா. "புள்ளையக் காணோம்னு அங்க நாலு பேரு தவிச்சிட்டிருப்பாங்க. நீயும் கொஞ்சம் நெனச்சிப் பாரு."

கணவர் வாசலிலேயே நின்றார். மூன்று நாள் தாடி. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். மாமியார் நேராக உள்ளே வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நனைந்த லுங்கியின் ஓரத்தைப் பிழிந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அந்தப் பொடில என்ன கலந்தீங்க?"

"எந்தப் பொடி?"

"தெனம் குடுத்தீங்களே."

"அத நீ கொஞ்ச நாள்லயே ஜன்னல்ல ஊத்த ஆரம்பிச்சிட்ட. சாக்கடைச் செவுரு பூரா கறை. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். "நீ ஊத்துறன்னு தெரிஞ்சதுக்கப்புறம் பொடிய நிறுத்திட்டேன். சீரகத்த வறுத்துத் தண்ணில போட்டு நெறத்துக்குக் கொஞ்சம் கருப்பட்டி. அதயாவது குடிப்பியான்னு பாத்தேன். அதயும் ஊத்திட்ட."

கசப்பு போய்விட்டதை நான் கவனிக்கவே இல்லை. வாயில் வைத்திருந்தால்தானே.

"கத்திரி?"

அவர் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒளிச்சுத்தான் வச்சேன்," என்றார். "அரிவாமணையும் ஒளிச்சேன். தாப்பாள நாந்தான் புடுங்கச் சொன்னேன். ஒரு நாள் வெளக்கு வக்கிற நேரம், நீ புள்ளையப் பாத்துக்கிட்டே சொன்ன. 'இந்தக் கைய நம்ப முடியல. இந்தக் கையாலயே இதுக்கு ஏதாச்சும் ஆயிரும்'னு."

சொன்னது நினைவிருந்தது. கை தவறிப் பிள்ளையைப் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் சொன்னது.

"அதுக்கு? நான் எம்புள்ளைய வெட்டிருவேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா," என்றார். "நெனச்சேன்."

அவர் மழுப்பியிருந்தால் நான் மன்னித்திருக்க மாட்டேன். அந்த ஒற்றை ஆமாவுக்கு முன்னால் எனக்குக் கோபம் எழும்பவில்லை.

அப்புறம் அவர் தன் தமக்கையைப் பற்றிச் சொன்னார். அந்த வீட்டில் அதுவரை நான் கேள்விப்படாத ஆள். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அந்த அம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டதாம். விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். "ஏதோ பித்தம்னு விட்டுட்டோம். ஒரு மத்தியானம், வெயில்ல, ஜெட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. சொல்லிட்டுத்தான் போனா. ஆளு திரும்பல. அன்னைக்கு வாசல்ல உக்காந்து நான் அரிசி பொடச்சிட்டு இருந்தேன். எதுக்குப் போறன்னு ஒரு வார்த்த கேக்கல."

வெளியே அக்கா யாருக்கோ பொரி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட நீங்க கேட்டிருக்கலாமே அத்தை," என்றேன்.

"கேட்டா நீ இல்லம்ப. நான் நம்பிருவேன்."

உண்மையில் என்னிடம் அவர் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது முழு உண்மையா என்பது எனக்கே அப்போது தெரியாது. ஆற்றங்கரையில் அக்கா வீடு. மூன்று நாளாகத் தண்ணீர்ப் பக்கம் போகும் வாசலை நான் சாத்தியே வைத்திருந்தேன். ஏன் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக, "எனக்கு என்னையப் பாத்தாதான் பயமா இருக்கு," என்று வாய்விட்டுச் சொன்னேன். மாமியார் எழுந்து வந்து என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். வடைச் சட்டியில் காய்ச்சுப்போன கை. என் கை அதற்குள் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் வேறு மருத்துவரிடம் போனோம். அத்தானுக்குத் தெரிந்தவர் சொன்ன பெண் மருத்துவர். டாக்டரம்மா என்பதற்குப் பர்மியத்தில் சொல்கிறபடி, சயாமா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். முதல் வேலையாக என் கணவரை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும் எனக்கு இன்னொரு பயம் வந்தது, இருந்தாலும் பேசினேன். என் பர்மிய மொழியில் சிக்கிய இடத்தில் அவர் காத்திருந்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கழுத்தைத் தடவினார். கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பிக்கென்று தனியாக ஒருமுறையும் எடுத்தார்கள்.

முடிவுகள் வந்த அன்று, "எதிலும் குறை தெரியவில்லை," என்றார்.

"அப்ப ஏன் துடிக்குது?"

"எனக்குத் தெரியவில்லை."

அவர் மறைக்கிறாரோ என்று முகத்தைத் துழாவினேன். பெரிய வியாதி, கணவரிடம் தனியாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அந்தத் தாள்களை என் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். சதை துடித்தால் நீ பயப்படுகிறாய், பயந்தால் தூக்கம் போகிறது, தூக்கம் போனால் இன்னும் துடிக்கிறது, முதலில் எது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தூக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சரிசெய்ய முடியும் என்றார். பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகக் கேட்டார். வருகிறது, வந்ததும் நடுங்குகிறேன் என்றேன். வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு ஒளிக்கக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். மாத்திரை எழுதினார். பேரைப் பெரிய எழுத்தில் தனியாக எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார். அந்தப் பழைய காகிதப் பொட்டலத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, தூக்கத்துக்குக் கொடுத்ததாக இருக்கலாம், உறையில்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். அவர் சொன்ன அந்த 'மாட்டேன்' எனக்குப் பிடித்திருந்தது.

மாமியாருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. தினம் காலையில் கடைக்குக் கிளம்புமுன் என்னிடம் வந்து, "இன்னிக்கு எப்படி?" என்பார். நான் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மோசம் என்றால் சட்டியை ஏற்ற மாட்டார், வீட்டில் இருப்பார். பதிலுக்கு நானும் கேட்பேன், "இன்னிக்கு எம்மேல சந்தேகம் இருக்கா அத்தை?" முதல் மாதம், "இருக்கு," என்று சொன்ன நாட்கள் உண்டு. எனக்கும் அவர்மேல் இருந்தது. கஞ்சியை அவர் ஆற்றும்போது டம்ளரையே பார்ப்பேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டு, ஒரு மடக்கு தான் குடித்துவிட்டுத் தருவார். இரண்டு பேருமே அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பகலில் இரண்டு மணி நேரம் பிள்ளையை எடுத்துக்கொண்டு என்னைத் தூங்கவைத்தார்கள். தூக்கம் வராத நாட்களில் படுத்தாவது கிடந்தேன். மழை விட்ட பிறகு தையல் மிஷின் பக்கம் போனேன். கழுத்துவெட்டு, கை இணைப்பு எல்லாம் முடியாது. லுங்கி மூட்டுகிற நேர்த்தையல்தான். காலால் மிதித்துக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் துடிக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதுவே பெரிய ஓய்வு. தையல் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். பிள்ளைக்குப் பல் முளைக்கும் சமயம் முதல் எஞ்சியை வெட்டினேன். அன்றைக்கு வெட்டும்போது மாமியார் அறைவாசலில் வந்து நின்றதையும், பிறகு போய்விட்டதையும் பார்த்தேன். மாத்திரையை சயாமா சொன்ன கணக்கில் குறைத்துக் குறைத்து, மகளின் முதல் பிறந்தநாள் கழிந்து சில மாதத்தில் நிறுத்தினோம்.

காரணம் இன்றுவரை தெரியவில்லை. இப்போதும் தூக்கம் கெட்டால், ஜுரம் வந்தால், இமையோ விரலோ ஆடும். ஆடினால் முன்பு போல ஆள் தேடுவதில்லை. ஆனால் புத்தி ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வரும். நேற்று யார் வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று.

நாத்தனாரிடம் மட்டும் நான் சரியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவே இல்லை. அவரும் கிளறவில்லை. மகளுக்கு ஐந்து வயதானபோது, பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்றார். மகள் ஏற்கெனவே பையைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தாள். கணவரும் மாமியாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "கூட்டிட்டுப் போங்க அண்ணி," என்று சிரித்தபடி சொல்லி அனுப்பினேன். காலை பத்து மணிக்குப் போனார்கள். மத்தியானம் ஒரு எஞ்சிக்குக் கை வைக்க உட்கார்ந்தேன். இடது கைத் துணியை வலதில் வைத்துத் தைத்துவிட்டேன். மூன்று மணிக்குக் கடைக்குப் போய் வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கியாக்டடாவில் அவர் வீட்டுக்குக் கீழே, மேலிருந்து தெருவரை தொங்கும் மணிக்கயிற்றை இழுத்தேன். மூன்றாவது மாடி ஜன்னலில் நாத்தனார் தலையை நீட்டினார். பக்கத்தில் என் மகளின் தலையும் தெரிந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"சும்மாதான் அண்ணி, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்," என்று கத்தினேன்.

"மேல வா," என்றார். "நீ வருவேன்னுதான் சாப்பாடு கூடப் போட்டு ஆக்கியிருக்கேன்."

ஏறிப் போனேன். அவர் பரிமாறியதைச் சாப்பிட்டேன். முதல் கவளத்தை முகர்ந்து பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். அவர் அதைப் பார்த்தார். இன்னொரு கரண்டி குழம்பை என் தட்டில் ஊற்றினார்.